கடல்பாசியில் சர்க்யூட் வரைய முடியுமா?

தமிழ்நாட்டில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அமைக்கப்படும் என்று 2021 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். இடம் இராமநாதபுரம் மாவட்டத்து வளமாவூர் என்று முடிவானது. அதிலிருந்து நம் கரையோரத்தில் பாசியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இப்படி ஒரு வாக்கியமும் கூடவே வந்துவிடுகிறது: "பாசியிலிருந்து பிளாஸ்டிக் எடுக்கிறார்களாம், அதில் செல்போன்கூடச் செய்யலாமாம், தூக்கிப் போட்டால் மண்ணோடு மண்ணாகிவிடுமாம்."

ஒரே மூச்சில் சொல்லப்படும் இந்த வாக்கியத்தில் மூன்று தனித்தனிச் செய்திகள் இருக்கின்றன. பாசியிலிருந்து பிளாஸ்டிக் போன்ற தாள் எடுக்கலாம் என்பது உண்மை. செல்போன் செய்யலாம் என்பது மிகை. மண்ணாகிவிடும் என்பது, எந்தப் பகுதி, எந்த மண், எவ்வளவு நாள் என்று கேட்டால்தான் பதில் சொல்லக்கூடியது. வேதியியல் படிக்காதவருக்கும் புரியும்படி இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

எதில் செய்தது, எப்படி அழியும்: இரண்டும் வேறு

சிறிய மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலியானால் அதைப் பாலிமர் என்பார்கள். பருத்தி நூலும் பாலிமர்தான், கேரி பேக்கும் பாலிமர்தான். பாலிமரோடு சில சேர்மானங்களைக் கலந்து, வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவந்தால் அது பிளாஸ்டிக்.

உயிரி பிளாஸ்டிக் என்று சொல்லும்போது இரண்டு கேள்விகளைக் கலந்துவிடுகிறோம். அந்தச் சங்கிலி எதிலிருந்து வந்தது என்பது ஒன்று. நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்குமா என்பது மற்றொன்று. ஒன்றின் பதிலை வைத்து மற்றதை ஊகிக்க முடியாது. பிரேசிலில் கரும்பு எத்தனாலிலிருந்து பாலிஎத்திலீன் தயாரிக்கிறார்கள். மூலம் கரும்புதான், ஆனால் கடைசியில் கிடைக்கும் சங்கிலி கேரி பேக்கில் இருக்கும் அதே சங்கிலி. அது மக்காது. மறுபக்கம், பிபிஏடி என்று ஒரு பிளாஸ்டிக் இருக்கிறது. பெட்ரோலியத்திலிருந்து வருவது, ஆனாலும் நுண்ணுயிர்கள் அதைத் தின்னும். "மக்கும் பை" என்று விற்பவற்றில் பெரும்பாலும் அது கலந்திருக்கும்.

மூன்றாவதாக ஒரு சிக்கலும் உண்டு. சோள மாவிலிருந்து வரும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் மக்கும் என்று சொல்வது பொய்யில்லை. ஆனால் 58 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வைத்துப் பராமரிக்கும் உரத் தொழிற்கூடத்தில்தான் அது சில மாதங்களில் மக்கும். அதே கோப்பையைப் பாம்பன் கடலில் போட்டால் வருடக்கணக்கில் கிடக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்த பிறகு "இது பயோ பை, கடலில் போட்டாலும் ஒன்றும் ஆகாது" என்று கடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதியை நம்ப வேண்டாம்.

ஆக, மூலம் ஒரு கேள்வி, முடிவு ஒரு கேள்வி, அந்த முடிவு எந்தச் சூழலில் நடக்கும் என்பது இன்னொரு கேள்வி.

நோன்புக் கடல்பாசியும் கண்ணாடித் தாளும்

கீழக்கரையில் நோன்பு திறக்கும் வேளையில் தட்டில் கடல்பாசி இருக்கும். சைனா கிராஸைத் தண்ணீரில் காய்ச்சிக் கரைத்து, பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தட்டில் ஊற்றி ஆற வைத்தால் துண்டு போடும் பதத்துக்கு உறைந்துவிடும். இந்தச் சைனா கிராஸின் வேதிப்பெயர் அகார். பாசித் தாள் எப்படி உருவாகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அகார் என்பது சர்க்கரை மூலக்கூறுகளால் ஆன நீண்ட சங்கிலி. சுமார் 85 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் சங்கிலிகள் பிரிந்து தண்ணீரில் தனித்தனியாக மிதக்கும். 40 டிகிரிக்குக் கீழே ஆறும்போது இரண்டு இரண்டாக முறுக்கிக்கொள்ளும். முறுக்கியவை கொத்துக் கொத்தாகச் சேரும். நடுவே தண்ணீர் சிக்கிக்கொள்ளும். தட்டில் உறைந்து நிற்பதில் அகார் மிகக் கொஞ்சம், பெரும்பகுதி தண்ணீர்தான்.

இப்போது பாலையும் சர்க்கரையையும் விட்டுவிடுங்கள். அகாரை மட்டும் காய்ச்சி, தட்டில் மெல்லிசாக ஊற்றி, இரண்டு மூன்று நாள் உலர விடுங்கள். தண்ணீர் போகப் போகச் சங்கிலிகள் நெருங்கிப் படுக்கும். ஒவ்வொரு சங்கிலியிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு முனைகள் நிறைய உண்டு. பக்கத்துச் சங்கிலியின் முனைகளை அவை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பிடிக்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். ஒவ்வொன்றும் பலவீனமானது, ஆனால் எண்ணிக்கையில் ஏராளம். கடைசியில் தட்டிலிருந்து கண்ணாடிபோன்ற ஒரு தாளை உரித்து எடுக்கலாம்.

அந்தத் தாள் மடக்கினால் ஒடியும். பிடிகள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக இடமில்லை. காய்ச்சும்போதே சில சொட்டு கிளிசரின் விட்டிருந்தால் அது சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து சில பிடிகளைத் தளர்த்தியிருக்கும், தாளும் வளைந்திருக்கும். இப்படித் தளர்த்திக் கொடுக்கும் பொருளை நெகிழ்வூட்டி என்கிறார்கள்.

நம் கரையில் இதற்கு மூலப்பொருள் பல விதம். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து இரண்டும் அகார் தருபவை. கட்டக்கோரையில் கிடைப்பது ஆல்ஜினேட், கால்சியம் பட்டால் இறுகுவது. மூங்கில் தெப்பத்தில் கட்டி வளர்க்கிற கப்பாஃபைக்கஸில் கிடைப்பது காராஜீனன், பொட்டாசியம் பட்டால் இறுகுவது. பெப்சி நிறுவனம் 2000ஆம் ஆண்டு வாக்கில் பாம்பனுக்கு அருகே உள்ள மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் இதன் ஒப்பந்த வளர்ப்பைத் தொடங்கியதால் இதற்குப் பெப்சி பாசி என்றே பெயர் நிலைத்துவிட்டது. கம்பெனி கைமாறிய பிறகும் பெயர் போகவில்லை.

வளையும் எலக்ட்ரானிக்ஸ் என்றால்

பழுதான கம்ப்யூட்டர் கீபோர்டு ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பெரும்பாலும் பச்சைப் பலகை ஏதும் இருக்காது, அல்லது ஓரத்தில் சின்னதாக ஒன்று இருக்கும். மற்றதெல்லாம் மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதன்மேல் வெள்ளி நிறக் கோடுகள். அந்தக் கோடுகள் வெள்ளித் துகள் கலந்த மையால் அச்சடித்தவை. அவைதான் மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பிகள். செல்போன் ரிப்பேர் கடையில் பார்க்கும் பழுப்பு மஞ்சள் ஃபிளெக்ஸ் கேபிளும் இந்த இனம்தான்.

இதில் நான்கு பங்காளிகள் உண்டு. எல்லாவற்றையும் தாங்கும் அடித்தாள். மின்சாரம் ஓடும் கோடு, அதாவது கடத்தி. மின்னோட்டத்தை விடவும் நிறுத்தவும் தெரிந்த குறைகடத்தி, சிப் என்று நாம் சொல்வதன் உயிர் அதுதான். இவற்றைக் காற்றிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காக்கும் மேல்பூச்சு. உயிரி பிளாஸ்டிக் பற்றிய பேச்சில் பெரும்பகுதி முதல் பங்காளியான அடித்தாளைப் பற்றியது, கொஞ்சம் மேல்பூச்சைப் பற்றியது. பாசியில் செல்போன் என்ற பேச்சு மிகை என்று சொன்னதற்கு இதுதான் காரணம். பாசியில் செய்யக்கூடியது செல்போனுக்குள் இருக்கும் ஒரு தாள்.

இன்று அந்தத் தாள் பெரும்பாலும் இரண்டு வகை. கீபோர்டில் இருப்பது பிஇடி, தண்ணீர் பாட்டிலின் அதே பிளாஸ்டிக். ஃபிளெக்ஸ் கேபிளில் இருப்பது பாலிஇமைடு. இரண்டுமே பெட்ரோலிய வழி வந்தவை, மக்காதவை.

தாள் ஏன் வளைகிறது என்பதில் ரப்பர் மாயம் எதுவும் இல்லை, கணக்குதான். ஒரு தாளை வளைத்தால் வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் அமுங்கும், நடுவில் ஒரு தளம் இரண்டும் இல்லாமல் இருக்கும். வெளிப்பக்கம் எவ்வளவு இழுபடும் என்பது தடிமனைப் பொறுத்தது. 5 மில்லிமீட்டர் ஆரமுள்ள குச்சியில் 0.1 மில்லிமீட்டர் தாளைச் சுற்றினால் வெளிப்பரப்பு சுமார் 1 சதவீதம் நீளும். 0.01 மில்லிமீட்டர் தாளானால் 0.1 சதவீதம்தான். எனவே உடையக்கூடிய பொருளைக்கூடப் போதுமான அளவு மெல்லிசாக்கினால் வளைக்க முடியும். வளைவது பொருளின் குணத்தால் மட்டும் வருவதில்லை.

அப்படியானால் மெல்லிசான, வளைகிற, மக்குகிற பாசித் தாளில் வெள்ளிக் கோட்டை அச்சடித்துவிட்டால் வேலை முடிந்ததா?

மக்க வைப்பதும் தண்ணீர், கெடுப்பதும் தண்ணீர்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் மனதில் நிற்க வேண்டுமானால் அது இதுவாக இருக்கட்டும். பாசித் தாளை மண்ணில் அழியவிடுகிற குணமும், சர்க்யூட்டைக் கெடுக்கிற குணமும் ஒன்றே.

சங்கிலிகளைப் பிடித்துவைத்திருக்கும் அந்த ஆக்சிஜன் ஹைட்ரஜன் முனைகளுக்குத் தண்ணீரென்றால் அலாதிப் பிரியம். ஈரம் கிடைத்தால் பக்கத்துச் சங்கிலியை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். சங்கிலிகள் விலகும், தாள் உப்பும், நுண்ணுயிர்களின் நொதிகள் உள்ளே நுழைய வழி கிடைக்கும். மக்குவதற்கு இது வேண்டும். ஆனால் தாள் மண்ணுக்குப் போகும்வரை காத்திருக்க ஈரத்துக்குத் தெரியாது. இராமேஸ்வரத்துக் காற்றே போதும்.

ஈரம் ஏறினால் என்ன நடக்கும்? முதலில், தாள் உப்பி நீளும். மேலே உள்ள வெள்ளிக் கோடு அந்த அளவுக்கு நீளாது, விரிசல் விடும். ஈரம் போனதும் தாள் சுருங்கும், கோடு இன்னும் நொறுங்கும். இரண்டாவது, மின்சாரம் கசியும். பாசி கடலிலிருந்து வந்தது, உப்பு அதன் உடம்பிலேயே இருக்கிறது. காராஜீனனை இறுக்கப் பொட்டாசியத்தை நாமே வேறு சேர்க்கிறோம். ஈரத்தில் இந்த அயனிகள், அதாவது மின்னேற்றம் கொண்ட அணுக்கள், நகரத் தொடங்கும். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஓடக் கூடாத மின்னோட்டம் ஓடும்.

மூன்றாவது ஒன்று பலருக்குத் தெரியாது. ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் வெள்ளியே கரைந்து நகரும். ஒரு கோட்டிலிருந்து கிளம்பிய வெள்ளி அடுத்த கோட்டின்மேல் படிந்து, கிளை கிளையாக வளர்ந்து, கடைசியில் இரண்டையும் இணைத்துவிடும். அப்புறம் ஷார்ட் சர்க்யூட்தான். இது பாசித் தாளுக்கு மட்டும் வரும் நோய் இல்லை, ஆனால் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும் தாளில் சீக்கிரம் வரும்.

நெகிழ்வூட்டியும் இந்த விஷயத்தில் எதிர்க்கட்சிதான். கிளிசரினும் ஈரத்தை இழுக்கும். வளைய வேண்டும் என்று அதிகம் விட்டால் தாள் இன்னும் ஈரம் குடிக்கும். வீட்டிலேயே சோதிக்கலாம்: கிளிசரின் விட்டது ஒன்று, விடாதது ஒன்று என இரண்டு அகார் தாள் செய்து ஒரு மழை நாளில் ஜன்னலோரம் வையுங்கள். கிளிசரின் தாள் தொட்டால் பிசுபிசுக்கும். சைனா கிராஸ் மளிகைக் கடையில், கிளிசரின் மருந்துக் கடையில், அதிகச் செலவில்லை.

சூடு இரண்டாவது தொல்லை. சிப் போன்ற பாகங்களைக் கோட்டோடு ஒட்டவைக்கும் உலோகப் பற்றுதான் சாலிடர். அதற்கு 217 டிகிரிக்கு மேல் உருகும் ஈயமில்லாக் கலவை இன்று வழக்கம். பாலிஇமைடு அதைத் தாங்கும். பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். பாசித் தாள் உருகாது, காய்ந்து சுருண்டு பழுப்பாகும். அதனால் சாலிடருக்குப் பதில் மின்கடத்தும் பசை, அடுப்புச் சூட்டுக்குப் பதில் ஒரு நொடிக்கும் குறைவாக ஒளியைப் பாய்ச்சி மையை மட்டும் சூடாக்கும் முறை என்று வேறு வழிகளில் போகிறார்கள்.

தண்ணீரோடு எப்படிச் சமாளிக்கிறார்கள்

ஒரு வழி, சங்கிலிகளை இன்னும் உறுதியாகக் கட்டிப்போடுவது. ஆல்ஜினேட் தாளைக் கால்சியம் கரைசலில் நனைத்தால் கால்சியம் அயனி ஒவ்வொன்றும் இரண்டு சங்கிலிகளை இணைத்துப் பிடிக்கும். இதற்குக் குறுக்குப் பிணைப்பு என்று பெயர். தாள் தண்ணீரில் கரைவது நிற்கும், உப்புவது குறையும், முற்றிலும் போகாது. அதோடு கடல்நீர் பட்டால் அதிலுள்ள சோடியம் மெதுவாகக் கால்சியத்தை வெளியேற்றிவிடும். நம் கரையில் இது சிறிய விஷயம் இல்லை.

இன்னொரு வழி, ஈரம் புகாத மேல்பூச்சு. தேன்மெழுகும் அரக்கும் ஆய்வுக்கூடங்களில் இதற்காகப் பயன்படுகின்றன. அரக்கு நம் நாட்டுச் சரக்கு, மரப்பூச்சியின் சுரப்பு, ஈரத்துக்கு ஓரளவு தாக்குப்பிடிப்பது. பாசித் தாளையே எல்லாம் செய்யச் சொல்லி வதைப்பதைவிட இது நல்ல வழி என்பது என் கட்சி.

மூன்றாவது, வேறு உயிரிப் பொருளுக்குப் போவது. மரத்தின் செல்லுலோஸை மிக நுண்ணிய இழைகளாகப் பிரித்துச் செய்த தாளில் வேகமான சிப்பை வைத்து 2015இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் காட்டினார்கள். சிப்பின் எடையில் பெரும்பகுதி வேலை செய்யாத அடித்தளமே, அதை மரத்தால் மாற்றிவிட்டால் மீதி சொற்பம் என்பது அவர்கள் வாதம்.

நான்காவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது: அழிவதையே வேலையாகக் கொடுப்பது. 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் ரோஜர்ஸ், ஃபியோரென்சோ ஒமெனெட்டோ முதலானோர் பட்டுப் புரதத் தாளில், மெக்னீசியக் கோடுகளும், சிப்புகளில் குறைகடத்தியாக இருக்கும் சிலிக்கானை மிக மெல்லிசாக்கியும் கொண்டு ஒரு சர்க்யூட் செய்து சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். உடம்புக்குள் வைத்தால் குறிப்பிட்ட காலம் வேலை செய்துவிட்டுக் கரைந்துவிடும், எடுக்க இன்னொரு அறுவை தேவையில்லை. கணிசமான தடிமனில் கல்போல இருக்கும் சிலிக்கான், மயிரிழையைவிட ஆயிரம் மடங்கு மெல்லிசானால் தண்ணீரில் கரையும் என்பது அதில் கிடைத்த அழகான செய்தி.

இதுவரை பார்த்ததில் ஒரு கணக்கு தெளிவாகிறது. கருவி எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, தாளையும் பூச்சையும் அந்த நாளுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கிறார்கள். பத்து வருடம் உழைக்க வேண்டிய போனுக்கும் பத்து நாள் உழைக்க வேண்டிய லேபிளுக்கும் ஒரே தாள் சரிவராது.

தாள் மக்கிய பிறகு மிஞ்சுவது

பாசித் தாள் மண்ணில் மக்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வெள்ளிக் கோடு? அது அங்கேயேதான் இருக்கும். வெள்ளி மக்காது. நீரில் கரையும் வெள்ளி அயனி, மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கே நஞ்சு. சிப், பேட்டரி இரண்டும் அப்படியே கிடக்கும். சொல்லப்போனால் தாள் மக்குவதால் அவை சிதறிப் போய், பொறுக்கி எடுப்பது இன்னும் கடினமாகும். அதனால் வெள்ளிக்குப் பதில் கரி மை, மெக்னீசியம், துத்தநாகம் என்று தேடுகிறார்கள். கரி மையின் கடத்துதிறன் வெள்ளியைவிட மிகக் குறைவு. மெக்னீசியம் ஈரக் காற்றிலேயே அரித்துப்போகும்.

2022இல் உலகம் எறிந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். ஃபிரிட்ஜ், டிவி, சார்ஜர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். வளையும் தாள் அதில் மிகச் சிறு பங்கு, எனவே பாசித் தாளால் அந்த மலை கரைந்துவிடும் என்று யாராவது மேடையில் சொன்னால் கைதட்டும் முன் யோசியுங்கள்.

அப்படியானால் பயன் எங்கே? திரும்பச் சேகரிக்க முடியாதபடி ஏராளமாக எறியப்படும் சிறு பொருள்களில். ஐஸ் பெட்டியில் இராமேஸ்வரத்திலிருந்து வெளியூர் போகும் மீனோடு ஒட்டி, வழியில் சூடேறியதா என்று காட்டும் லேபிள். முண்டு மிளகாய்க் காட்டில் ஒரு பருவத்துக்கு மட்டும் புதைத்து வைக்கும் ஈர உணரி. காயத்தின்மேல் ஒட்டும் பட்டை. ஈர உணரியில் பாசித் தாளின் குறையே குணமாகிவிடும் என்பதையும் கவனியுங்கள்: ஈரம் ஏறினால் அயனிகள் நகரும், மின்தடை மாறும், அந்த மாற்றத்தையே அளக்கலாம்.

அடித்தாளாக மட்டும்தான் பாசி உதவும் என்றும் இல்லை. லித்தியம் பேட்டரியின் சிலிக்கான் மின்வாயில், அதாவது மின்னோட்டம் வந்து போகும் முனையில், துகள்களை ஒட்டிப் பிடிக்கும் பசையாக ஆல்ஜினேட் நன்றாக வேலை செய்கிறது என்று 2011இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. வெளியே தெரியும் தாளைவிட உள்ளே மறைந்திருக்கும் பசையாகப் பாசி முதலில் கடைக்கு வந்தாலும் எனக்கு வியப்பில்லை.

மண்டபம் கரையிலிருந்து பார்த்தால்

எலக்ட்ரானிக்ஸுக்குப் போகும் பொருள் ஒவ்வொரு மூட்டையும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும். சங்கிலியின் நீளம் மாறினால் தாளின் பலம் மாறும், மிச்ச உப்பு மாறினால் கசிவு மாறும். பாசியோ வயலைப்போலப் பருவத்துக்குக் கட்டுப்பட்டது. தெப்பத்தில் கட்டிய விதைப்பாசி 45 நாளில் அறுவடைக்கு வரும், ஆனால் கடல் சூடேறினால் வெளுத்து உதிரும், மீன் கடிக்கும், வடகிழக்குப் பருவக்காற்றில் தெப்பமே போகும். 2013ஐ ஒட்டி நம் கரையில் கப்பாஃபைக்கஸ் பெருமளவில் அழிந்து உற்பத்தி சரிந்தது. உணவுக்கும் உரத்துக்கும் போகும் பாசியில் தரம் சற்று முன்பின் இருந்தால் ஓட்டிவிடலாம், இங்கே முடியாது. மண்டபத்தில் இருக்கும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் போன்ற இடங்களில் நடக்கும் விதைப்பாசி வேலை, ஆய்வுக்கூடத்தில் தாள் செய்யும் வேலைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

வளர்ப்பைப் பெருக்குவதற்கும் ஒரு விலை உண்டு. கப்பாஃபைக்கஸ் நம் கடலின் பாசி அல்ல. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்றான குருசடைத் தீவருகே அது பவளப்பாறைமேல் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். படர்ந்த இடத்தில் பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்காது. மறுபுறம், கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்தும் நம்முடையவை. ஆனால் அவற்றைத் தீவோரங்களில் மூழ்கிப் பறித்துவரும் பெண்களுக்குத் தேசியப் பூங்கா எல்லை தினசரித் தலைவலி. பாசித் தாளுக்கான ஆர்டர் ஒருநாள் வந்தால், எந்தப் பாசி, எந்த இடத்தில், யார் கையால் என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். நம் கடல் இனமான கஞ்சிப்பாசியைத் தெப்பத்தில் வளர்க்கும் முயற்சிகளுக்கு முதல் இடம் தரலாம் என்று நினைக்கிறேன். அதன் அகாரில் கந்தகச் சேர்மம் காராஜீனனில் இருப்பதைவிடக் குறைவு, எனவே உடன் வரும் அயனிகளும் குறைவு. கசிவுக்குப் பயப்படும் சர்க்யூட்டுக்கு அது லாபம்தான்.